தோட்டத்தில் பெற்றோருக்கு ஒரு பிரீஃபேப் வீடு

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையிலுள்ள எங்கள் தோட்டத்துச் சாளையில் வாழும் பெற்றோருக்காக, படுக்கையறை, குளியலறை, சிறு சமையலறை, முன்னால் ஒரு தாழ்வாரம் ஆகியவை கொண்ட பிரீஃபேப் வீடு, அதாவது பட்டறையில் பாகங்களாகச் செய்து கொண்டுவந்து பொருத்தும் வீடு ஒன்றை நிறுத்துவதென்று இவ்வாண்டு குடும்பத்தில் முடிவு செய்திருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. அம்மாவுக்கு இரவில் கண் தெளிவாகத் தெரிவதில்லை. சாளையின் கழிப்பறையோ வாசலைக் கடந்து மாட்டுக் கொட்டகைக்கு அப்பால் இருக்கிறது. திருப்பூரில் எங்களோடு வந்து இருக்கும்படி கேட்டபோது, "மாட்ட ஆரு கண்ணு பாக்கறது?" என்று கேட்டு அப்பா அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

செங்கல் வைத்துக் கட்டினால் ஆள் கிடைப்பதில் தொடங்கி, பூச்சு, அதற்கு நீர்விட்டு ஆற்றுதல், தரை, வர்ணம் என்று மாதக்கணக்கில் தூசியும் இரைச்சலும் சூழ்ந்திருக்கும். எழுபதைக் கடந்தவர்கள் அதன் நடுவே குடியிருப்பது பெரும்பாடு. பிரீஃபேப் முறையில் தோட்டத்தில் அடித்தளம் இறுகும் நாட்களிலேயே பட்டறையில் சுவரும் கூரையும் தயாராகிவிடுகின்றன. முதியோருக்கு இந்த வீடு தரும் உண்மையான நன்மை இதுவே என்று நான் கருதுகிறேன். விலையில் பெரிய மிச்சம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் யாரும் இதில் இறங்க வேண்டாம்.

ஆனால் இவ்வகை வீட்டில், கட்டிய பிறகு உடைத்துத் திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி மிகக் குறைவு. ஆகையால் முதியோருக்குத் தேவையானவற்றை, பட்டறையில் வேலை தொடங்கும் முன்பே வரைபடத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும். அவற்றுள் முதலாவது தரைமட்டம். விற்பனைக்குக் காட்டப்படும் மாதிரி வீடுகள் பெரும்பாலும் இரும்புக் கால்களின்மீது ஒன்றரை அடி உயரத்தில் நிற்கின்றன. முன்னால் மூன்று படிகள் இருக்கும். சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம் 1:12 என்ற விகிதத்தைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது விதி. ஒன்றரை அடி உயரத்துக்கு அந்தக் கணக்கில் 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். அதற்கு இடம் இருக்கிறதா, அல்லது அடித்தளத்தையே தாழ்த்தி மழைநீர் வடியச் சுற்றிலும் வாய்க்கால் எடுப்பதா என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது குளியலறை. என்னைக் கேட்டால் வீட்டின் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதிலிருந்துதான் தேர்வைத் தொடங்க வேண்டும் என்பேன். கழிவுநீர்க் குழாய்க்கு அடியில் ஆழம் வேண்டும் என்பதற்காகக் குளியலறைத் தரையை அறையைவிட அரையடி உயர்த்தி அமைப்பது பலருடைய வழக்கம். நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் எழுந்து செல்லும் முதியவர் தடுக்கி விழுவது அந்த அரையடியில்தான். அந்தப் பகுதியில் மட்டும் அடிச்சட்டத்தைத் தாழ்த்திச் செய்தால் இரண்டு தரைகளும் ஒரே மட்டத்தில் அமையும். வாசற்கால் மேடு 12 மி.மீ.-க்கு மேல் இராது. கதவைத் திறந்த நிலையில் 900 மி.மீ. வழி கிடைக்க வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறப்பதாகவோ பக்கவாட்டில் நகர்வதாகவோ இருக்கட்டும்; உள்ளே ஒருவர் கதவோரம் விழுந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது. கழிப்பறை இருக்கை 450 முதல் 480 மி.மீ. உயரத்தில் இருந்தால் முழங்கால் வலிக்காரர்களால் ஊன்றி எழ முடியும். எங்கள் பழைய திண்ணையும் ஏறக்குறைய அந்த உயரந்தான். அப்பா அதில் சிரமமின்றி அமர்ந்து எழுகிறார்.

ஊன்றி எழக் கைப்பிடி வேண்டும். பேனல் சுவர் என்பது இரண்டு மெல்லிய தகடுகளுக்கு இடையே நுரையோ கம்பளியோ நிரப்பியது. அதில் திருகாணி போட்டு மாட்டும் கைப்பிடி ஓர் ஆளின் எடையைத் தாங்காமல் தகட்டோடு பிய்ந்து வரும். கைப்பிடி வரவிருக்கும் இடங்களிலெல்லாம் சுவருக்குள் இரும்புச் சட்டத்தைப் பட்டறையிலேயே பதித்துவிட வேண்டும். இன்றைக்குத் தேவைப்படாவிட்டாலும், படுக்கையிலிருந்து குளியலறை வரையிலும் பதித்து வைப்பதே நல்லது.

கப்பல் சரக்குப் பெட்டியை வீடாக மாற்றிய கன்டெய்னர் வீடுகளையும் சென்று பார்த்தோம். கன்டெய்னரின் வெளி அகலம் 8 அடி. உள்ளே வெப்பத் தடுப்பும் உட்சுவரும் அமைத்த பின்பு 7 அடியை ஒட்டித்தான் மிஞ்சும். சக்கர நாற்காலி முழுவட்டம் திரும்ப 5 அடி விட்டமுள்ள இடம் தேவை; கட்டிலைப் போட்டால் அந்த இடம் கிடைப்பதில்லை. ஆகவே அதைக் கைவிட்டு, இலகு எஃகுச் சட்டத்தில் பேனல் பொருத்தும் வகையைத் தேர்ந்தோம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தோட்டத்துக்கு வரும் இட்டேரி இருபுறமும் கிளுவை வேலியுடன் குறுகி வளைவது. மேலே மின்கம்பிகள் செல்கின்றன. முழுப் பெட்டியாக வரும் வீட்டுக்குப் பெரிய லாரியும் கிரேனும் உள்ளே வந்தாக வேண்டும். துண்டுகளாக வரும் பேனலைச் சிறு வண்டியில் ஏற்றிவரலாம்.

பேனலின் உள்ளீட்டில் தெர்மாக்கோல் மலிவானது, ஆனால் தீயில் உருகி எரியும். பஃப் எனப்படும் பாலியூரித்தேன் நுரை வெப்பத்தை மிக நன்றாகத் தடுக்கும், எனினும் தீப்பிடித்தால் நச்சுப்புகை கக்கும். ராக்வூல் எனப்படும் பாறைக் கம்பளி எரிவதில்லை, ஆனால் பஃப் தரும் வெப்பத் தடுப்பைப் பெற அதன் தடிமனைக் கூட்ட வேண்டும். அந்தி விளக்கேற்றாமல் அம்மா ஒருநாளும் இருந்ததில்லை. அவசரத்துக்கு ஓடக்கூடிய கால்களும் இருவருக்கும் இல்லை. ஆதலால் கூடுதல் செலவானாலும் எல்லாச் சுவருக்கும் ராக்வூல் என்று சொல்லிவிட்டோம். எந்தப் பேனலாயினும், மண்சுவரைப் போல இரவின் குளுமையைப் பிடித்துவைத்துப் பகலில் தருவதில்லை என்பதை மறக்கக் கூடாது. சித்திரை வெயிலில் மின்சாரம் நின்றுவிட்டால் அந்த வேறுபாடு உடனே தெரியும். எனவே பேனல் கூரைக்கு மேலே காற்றோட இடைவெளி விட்டு ஓட்டுக்கூரை ஒன்றும், மேற்கில் அகலமான தாழ்வாரமும் அமைக்கிறோம். மழையின் இரைச்சலும் அதனால் குறையும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து, பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றும் ஆனி, ஆடிக் காற்றை எங்கள் பக்கத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. இந்தியத் தர நிர்ணயம் கோவைக்குக் குறித்துள்ள அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 140 கி.மீ. இலகுவான வீடு அந்தக் காற்றில் மேலெழாதபடி அடித்தளத்தில் போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குரிய கணக்கைப் பொறியாளர் கையொப்பத்துடன் கேட்டு வாங்குங்கள். காற்று மேற்கிலிருந்து வீசுவதால் முன்கதவு மேற்குப் பார்க்க வேண்டாம்.

ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை என்பதால், தொட்டியைக் கூரைமேல் வைக்காமல் தனித் தாங்கியில் வைப்பது அவசியம். பிரீஃபேப் வீட்டுக்கும் ஊராட்சி அனுமதி வாங்க வேண்டும். கிணற்று மோட்டாருக்கான இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுக்கக் கூடாது. தனி இணைப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

பணத்தைத் தவணையாகத் தருவதாகவும், கடைசித் தவணையை வீடு நின்று ஒரு நல்ல மழை பெய்து முடிந்த பிறகே தருவதாகவும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம். அதற்கு முன் கூரை இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்போம். குளியலறையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மூலையில் தேங்காமல் முழுவதும் வடிகிறதா என்றும், அறைப் பக்கம் வழிந்து வராமல் இருக்கிறதா என்றும் அப்பாவையும் உடன் வைத்துக்கொண்டே சோதிப்போம்.