அந்த கிளையன்ட் வராவிட்டால் நிம்மதி

ஜூன் 3

இன்று வந்த பயிற்சி கவுன்சிலர், தன்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு கிளையன்ட்டைப் பற்றி வெகுநேரம் பேசினார். அறிகுறிகள், குடும்பச் சூழல், அடுத்து என்ன செய்யலாம் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஆனால் அந்த ஆள் எதிரே உட்காரும்போது இவருக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. கேட்டால், "நல்லாத்தான் போகுது மேடம்." குறிப்பேட்டைப் புரட்டினேன். மற்றவர்களுக்கெல்லாம் பக்கம் நிறைய எழுதியிருக்கிறார், இந்த கிளையன்ட்டுக்கு மூன்றே வரி. அதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அவர் வரலைன்னு போன் வந்தா நிம்மதியா இருக்கு மேடம்."

இதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் சூப்பர்விஷனே, பயிற்சியில் இருப்பவர் தன் வேலையை என்னைப் போன்ற மூத்தவரிடம் கொண்டுவந்து பேசும் இந்தச் சந்திப்பே.

ஜூன் 5

முந்தாநாளிலிருந்து அதே யோசனை. கிளையன்ட் மீது சிகிச்சையாளருக்கு எழும் உணர்வை, கவுன்டர் டிரான்ஸ்ஃபரன்ஸை, ஃப்ராய்ட் 1910இல் கடந்து வரவேண்டிய தடையாகத்தான் பார்த்தார். 1950இல் உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன் அதைத் திருப்பிப் போட்டார், கிளையன்ட்டைப் புரிந்துகொள்ள அதுவே ஒரு கருவி என்று. அதற்கு முந்தைய வருடம் இன்னொரு உளப்பகுப்பாய்வாளர் வின்னிகாட், கிளையன்ட் மீது வரும் வெறுப்பைப் பற்றியே வெளிப்படையாக எழுதிவிட்டார், நேரம் முடிந்ததும் அமர்வை முடிப்பதில்கூட அந்த வெறுப்பு இருக்கிறது என்று.

ஆனால் 'எனக்குக் கோபம் வருகிறது, அப்படியானால் கோபம் கிளையன்ட்டுடையது' என்று தாவுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதே கோபம் உங்களுக்கு வேறு யாரிடமெல்லாம் வருகிறது? அவரோடு பழகுகிற மற்றவர்களுக்கும் வருகிறதா? இரண்டையும் கேட்டாக வேண்டும்.

ஜூன் 10

மூன்றாம் தேதி வந்த அதே பயிற்சி கவுன்சிலர் வந்தார். அந்த கிளையன்ட் எதற்கும் மறுப்பே சொல்வதில்லையாம், எல்லாவற்றுக்கும் சரி, ஆனால் எதுவும் மாறுவதில்லை, தான் எதற்கும் உதவாதவன் என்று இவருக்குத் தோன்றுகிறதாம். இதைச் சொல்லிக்கொண்டே என் ஒவ்வொரு யோசனைக்கும் "சரி மேடம், சரி மேடம்" என்று தலையாட்டினார், எனக்குள் எரிச்சல் ஏறியது. கிளையன்ட்டோடு அங்கே நடப்பது சூப்பர்விஷனில் இங்கேயும் நடக்கும் என்று உளப்பகுப்பாய்வாளர் ஹெரால்ட் சேர்ல்ஸ் 1955இலேயே எழுதியிருக்கிறார். அவர் தலையாட்டுவதையும் என் எரிச்சலையும் அப்படியே எடுத்துச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்து, "நீங்க சொன்ன ரெண்டாவது யோசனை எனக்கு ஒத்துவராது" என்றார். அதற்குப் பிறகுதான் உருப்படியாகப் பேசினோம்.

கிளையன்ட்டிடம் போய் 'உங்கள் மேல் கோபம்' என்று சொல்ல வேண்டியதில்லை. 'நான் சொல்வது பிடிக்காதபோது என்ன செய்வீர்கள்?' என்று கேட்கலாம்.

ஜூன் 17

வேறொரு பயிற்சி கவுன்சிலர், வேறு விஷயம்: கிளையன்ட் மீது ஈர்ப்பு. சொல்லி முடிப்பதற்குள் முகம் வெளிறிவிட்டது. அமெரிக்காவில் 585 உளவியலாளர்களிடம் எடுத்து 1986இல் வெளியான ஆய்வை எடுத்துச் சொன்னேன். 87 சதவீதம் பேர் ஏதாவது ஒரு கிளையன்ட்டிடம் ஈர்ப்பு உணர்ந்திருக்கிறார்கள், 63 சதவீதம் பேருக்கு அதனால் குற்ற உணர்வோ பதற்றமோ குழப்பமோ. இதைக் கையாளப் போதுமான பயிற்சி கிடைத்தது என்றவர்கள் 9 சதவீதம்தான். உணர்வு வரும், ஆனால் கிளையன்ட்டோடு உறவு கூடாது என்பதில் துளியும் தளர்வில்லை, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தர வேண்டும்.

மதிப்பெண் போடுகிற என்னிடமே இதையெல்லாம் எப்படிச் சொல்வார்கள்? அதனால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: என்ன உணர்ந்தீர்கள் என்பதற்கு மதிப்பெண் குறையாது, அமர்வை நீட்டியதையோ தனியாக மெசேஜ் அனுப்பியதையோ மறைத்தால் குறையும். அந்த உணர்வின் வேர் உங்கள் சொந்தக் கதையில் இருந்தால் அதை உங்கள் தெரபிஸ்ட்டிடம் கொண்டுபோங்கள், இங்கே கிளையன்ட்டுக்கு அது என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.