நடுத்தரக் கணினியும் மூன்று தெளிவுத்திறன்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் விளையாட்டுக் கணினி வைத்திருப்பவரிடம் இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, அல்ட்ராவில் ஓடுமா?" அல்ட்ரா என்பது படத் தர அமைப்புகளில் பொதுவாக மிக உயர்ந்த படி; ஹை, மீடியம் ஆகியவை அதற்குக் கீழே வருபவை. என்ன விலை, எங்கே வாங்கியது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஓடும் என்பதே உண்மையான பதில். ஆனால் அந்தப் பதிலால் யாருக்கும் பயனில்லை. 4,000 ரிங்கிட்டை ஒட்டிய செலவில் கட்டிய ஒரு கணினியில் எந்தத் தெளிவுத்திறனில் (அதாவது திரையில் எத்தனை பிக்சல் புள்ளிகளோடு), எந்த அமைப்புகளோடு, எவ்வளவு சீராக ஓடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், 1080பி திரையில் எல்லாவற்றையும் அல்ட்ராவில் வைப்பதைவிட, 1440பி திரையில் அமைப்புகளைத் தேர்ந்தெடுத்துக் குறைத்து விளையாடுவதே மேல் என்பது என் முடிவு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் கணினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செயலி ரைசன் 5 5600. 2022இல் வந்தது, ஆறு கோர்களும் பன்னிரண்டு திரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளும்) கொண்டது. கிராஃபிக்ஸ் கார்டு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060. 2023 ஜூனில் வெளிவந்தது, 8 ஜிபி நினைவகமும் 128 பிட் பாதையும் உடையது, 115 வாட் மின்சாரத்துக்குள் அடங்கிவிடுவது. இவற்றோடு இரண்டு குச்சிகளாகப் போட்ட 16 ஜிபி டிடிஆர்4 ரேமும், பி550 மதர்போர்டும் உள்ளன. என் மேசையில் இருப்பது 27 அங்குல 1440பி திரை. அண்ணன் மகனுடைய 24 அங்குல 1080பி திரையையும், கூடத்தில் இருக்கும் 4கே தொலைக்காட்சியையும் இதே கணினியில் இணைத்துப் பார்த்தேன்.

கணக்கு எளியது. 1080பி என்பது ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள், 1440பி 36.9 லட்சம், 4கே 82.9 லட்சம். அதாவது 1440பி என்பது 1080பியைப் போல் 1.78 மடங்கு, 4கே சரியாக நான்கு மடங்கு. சைபர்பங்க் 2077 விளையாட்டை ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) இல்லாமல், அல்ட்ராவில், எந்தத் துணை உத்தியும் சேர்க்காமல் ஓட்டினால் 1080பியில் விநாடிக்கு 70 ஃபிரேம்களை (படங்களை) ஒட்டியும், 1440பியில் 45ஐ ஒட்டியும், 4கேயில் 20ஐ ஒட்டியும் கிடைக்கின்றன. இதையே நேரமாகப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும்: ஒரு ஃபிரேமை வரைந்து முடிக்க முறையே 14, 22, 50 மில்லி விநாடிகள் ஆகின்றன. விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 16.7 மில்லி விநாடிக்குள் முடிந்தாக வேண்டும். பிக்சல்கள் 1.78 மடங்கு கூடியபோது நேரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் கூடியிருப்பதைக் கவனியுங்கள். ஒரு ஃபிரேமுக்கான வேலை முழுவதும் பிக்சல் எண்ணிக்கையைச் சார்ந்தது அல்ல. உருவங்களின் வடிவக் கணக்கு, நிழல் வரைபடங்கள் போன்றவை எந்தத் தெளிவுத்திறனிலும் ஏறக்குறைய ஒரே அளவு நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

இதுவரை சொன்னது எந்த விமர்சனக் காணொளியிலும் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலும் அடிபட்டுப் போகும் விஷயம் ஒன்று உண்டு: குறிப்பிட்ட ஒரு கணத்தில் காத்திருப்பது யார், செயலியா கிராஃபிக்ஸ் கார்டா? பால் மர (ரப்பர்) தோட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது கடினமில்லை. வெட்டுக்காரர்கள் எத்தனை பேர் எவ்வளவு விரைவாகப் பாலை எடுத்து வந்தாலும், ஸ்டோரில் எடை போட்டு எழுதும் கிராணி (எழுத்தர்) ஒருவர்தான் என்றால் வரிசை அவருடைய வேகத்தில்தான் நகரும். ஒவ்வொரு ஃபிரேமிலும் எதை, எங்கே, எந்த நிலையில் வரைய வேண்டும் என்று முடிவு செய்து அனுப்புவது செயலியின் வேலை. அது அனுப்பும் வேகத்தைத் தாண்டி எந்தக் கார்டாலும் வரைய முடியாது.

சைபர்பங்கில் ஜிக்-ஜிக் தெரு என்று ஓர் இடம் உண்டு. குறுகலான சந்து, நெருக்கியடிக்கும் கூட்டம், இரு புறமும் விளக்குப் பலகைகள், கடைகள். கார்டின் பயன்பாட்டைக் காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திரையின் ஓரத்தில் ஓடவிட்டு அங்கே நடந்து பார்த்தேன். 1440பி அல்ட்ராவில் கார்டின் பயன்பாடு 98, 99 விழுக்காட்டில் ஆணியடித்தாற்போல் நின்றது; கார்டுதான் தடை என்பதற்கு அதுவே அடையாளம். திரையை 1080பிக்கு மாற்றி, குறைந்த தெளிவுத்திறனில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் என்ற என்விடியா உத்தியைக் குவாலிட்டி நிலையில் போட்டதும் ஃபிரேம்கள் 80ஐத் தாண்டின, கார்டின் பயன்பாடு சரியத் தொடங்கியது. அங்கிருந்து, இன்னும் குறைவான பிக்சல்களில் வரையும் பெர்ஃபார்மன்ஸ் நிலைக்கு இறக்கியபோது படம் மங்கியது. எண்ணோ அசையவே இல்லை. கார்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றது, செயலிதான் திணறியது. அதே இடத்தில் கூட்டத்தின் அடர்த்தியைக் குறிக்கும் அமைப்பை ஹையிலிருந்து மீடியத்துக்கு இறக்கியவுடன் எண் மறுபடியும் ஏறியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. செயலிதான் தடை என்பதைக் கண்டுபிடிக்கப் பலர் செயலியின் மொத்தப் பயன்பாட்டு விழுக்காட்டைப் பார்க்கிறார்கள். அது 50 என்று காட்டும், "பாதிதானே வேலை செய்கிறது, செயலியில் குறையில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். விளையாட்டின் முதன்மையான வேலை ஓரிரு திரெட்களிலேயே குவிந்திருக்கும். அவை நிரம்பி வழியும்போதும் மற்றவை சும்மா இருப்பதால் சராசரி குறைவாகத்தான் தெரியும். கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். ஃபிரேம் வரம்பு எதுவும் போடாத நிலையில் அது 95க்குக் கீழே நிலையாக இறங்கியிருந்தால், தெளிவுத்திறனைக் குறைப்பதால் உங்களுக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை. வேலரண்ட் போன்ற இலகுவான போட்டி விளையாட்டுகளில் 1080பிக்கும் 1440பிக்கும் இடையே வேறுபாடு சொற்பமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

இன்னொரு செய்தியையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. 3200 என்று பெட்டியில் அச்சிட்ட டிடிஆர்4 ரேம், பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) ரேமை அச்சிட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போடாதவரை பெரும்பாலும் 2133 அல்லது 2666 போன்ற வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். கடையில் கட்டிக் கொடுக்கும் கணினிகளில்கூட இது விடுபட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். செயலி தடையாக இருக்கும் விளையாட்டுகளில் காசு செலவில்லாமல் கிடைக்கும் வேகம் இது.

இனி அமைப்புகள். அல்ட்ராவுக்கும் ஹைக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு படங்களை அருகருகே வைத்து, பெரிதாக்கி, நின்று நிதானித்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். ஓடும் விளையாட்டில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, அண்ணன் மகனாலும் முடியவில்லை. நிழல், மூடுபனி போன்ற கன அளவு விளைவுகள், திரைவெளிப் பிரதிபலிப்பு (திரையில் தெரிவதை வைத்தே வரையும் பிரதிபலிப்பு) ஆகிய மூன்றும்தான் கார்டின் நேரத்தைப் பெருமளவில் தின்பவை. சைபர்பங்கில் பிரதிபலிப்பை மட்டும் ஒரு படி இறக்கினாலே எண் நன்றாக ஏறுகிறது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் எம்எஸ்ஏஏ என்ற விளிம்பு மென்மையாக்கலைப் போட்டுவிட்டு, "கணினி இழுக்கிறது" என்று புலம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை நிறுத்திவிட்டு டிஏஏ என்ற இலகுவான விளிம்பு மென்மையாக்கல் அல்லது டிஎல்எஸ்எஸ் போட்டால் அந்தப் புலம்பல் பாதி அடங்கிவிடும். அனிசோட்ரோபிக் வடிகட்டலை மட்டும் எப்போதும் 16 மடங்கில் வைத்துவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை, தரையும் சாலையும் தொலைவு வரை தெளிவாக இருக்கும்.

டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படங்கள்) தரம் தனிச் சாதி. அது கார்டின் வேகத்தைப் பொறுத்ததன்று, நினைவகத்தைப் பொறுத்தது. 8 ஜிபிக்குள் அடங்கும்வரை டெக்ஸ்சரை எவ்வளவு உயர்த்தினாலும் ஃபிரேம் எண்ணிக்கை அநேகமாகக் குறையாது. அந்த வரம்பைத் தாண்டிய கணத்தில் கதை மாறிவிடும்: தரவுகள் கணினியின் ரேமுக்கு வழிந்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாக வந்துபோகத் தொடங்கும். சராசரி எண் அப்போதும் நன்றாகவே தெரியலாம், ஆனால் மிக மெதுவான ஒரு விழுக்காடு ஃபிரேம்களைக் குறிக்கும் எண் தலைகுப்புற விழும். கண்ணுக்கு அது விக்கல் எடுப்பதுபோல் தெரியும். 2023 மார்ச்சில் கணினிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 1 இந்த வகையில் பலருக்குப் பாடம் புகட்டியது. பின்னர் வந்த திருத்தங்கள் நிலைமையைச் சீராக்கின. 4060 கார்டு பிசிஐஇ பாதையில் எட்டு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பழைய பி450 மதர்போர்டில், அதாவது பிசிஐஇ 3.0இல் செருகினால் அந்தப் பாதையின் கொள்ளளவு பாதியாகிவிடும். நினைவகம் நிரம்பி வழியும்போது அதன் விளைவு இன்னும் கடுமையாக இருக்கும்.

ரே டிரேசிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், 1440பியில் சைபர்பங்கின் ரே டிரேசிங் அல்ட்ராவைத் துணையின்றி ஓட்டினால் 30 ஃபிரேமைக்கூட எட்டாது. இந்தக் கார்டு அதற்காக வாங்குவதற்குரியது அல்ல.

அப்படியானால் 1440பி எப்படிச் சாத்தியமாகிறது? டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி நிலையில் விளையாட்டு உள்ளுக்குள் ஒவ்வொரு பக்கமும் மூன்றில் இரண்டு பங்கு அளவில், அதாவது சுமார் 1707க்கு 960 பிக்சல்களில் வரையப்பட்டு, முந்தைய ஃபிரேம்களின் தகவலையும் சேர்த்துக்கொண்டு 1440பியாக உயர்த்தப்படுகிறது. நான் மேலே சொன்ன மூன்று விளைவுகளையும் ஹை அல்லது மீடியத்தில் வைத்து, டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி போட்டால் சைபர்பங்க் 1440பியில் 75ஐ ஒட்டி ஓடுகிறது. 1080பி அல்ட்ராவில் கிடைத்த எண்ணுக்கு இது குறைந்ததல்ல. படமோ எழுத்துகளும் இலைகளும் தொலைவில் உள்ள கம்பி வேலிகளும் தெளிவாகத் தெரிய, பார்வைக்கு வேறு தரத்தில் இருக்கிறது. 1080பி திரையில் அதே குவாலிட்டி நிலையைப் போட்டால் உள்ளே 720பிதான் வரையப்படுகிறது. உயர்த்துவதற்கு அங்கே சரக்கே போதாமல், முடியும் புல்லும் அசையும்போது நசநசவென்று தெரிகின்றன. இந்த உத்தி கொடுக்கும் பலன் திரையின் தெளிவுத்திறன் கூடக் கூடக் கூடுகிறது என்பதே 1440பியின் பக்கம் நான் சாய்வதற்கு முதன்மையான காரணம்.

1440பி திரையை வாங்கிவிட்டு, வேகம் போதவில்லை என்று விண்டோஸில் 1080பிக்கு இறக்கி விளையாடுவதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு பிக்சலை ஒவ்வொரு பக்கமும் ஒன்றும் மூன்றில் ஒரு பங்குமாக, அதாவது 1.33 மடங்காக நீட்ட வேண்டியிருப்பதால் எல்லாம் பிசிறடிக்கும். 4கே திரை ஒவ்வொரு பக்கமும் 1080பியைப் போல் சரியாக இரண்டு மடங்கு என்பதால் இந்தச் சிக்கல் அந்த அளவுக்குத் தெரியாது.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் வெப்பம். விமர்சகர்கள் குளிரூட்டிய அறையில் 21, 22 பாகையில் சோதிக்கிறார்கள். இங்கே தகரக் கூரை போட்ட அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு 33 பாகை சாதாரணம். அறை பத்துப் பாகை கூடினால் கார்டும் ஏறத்தாழ பத்துப் பாகை கூடுகிறது. அவர்கள் காட்டும் 66, 67 இங்கே 77, 78 ஆகிவிடும். அது ஆபத்தான அளவன்று. ஆனால் கடிகார வேகம் சிறிது குறையும், மின்விசிறிகள் அறையையே நிறைக்கும் அளவுக்கு இரையும். இதற்கு நான் செய்வது ஃபிரேம் வரம்பு போடுவதுதான். ஃபோர்ஸா ஹொரைசன் 5ஐ வரம்பில்லாமல் விட்டால் கார்டு முழு 115 வாட்டையும் இழுக்கும். 60இல் நிறுத்தினால் மின்சாரமும் சூடும் இரைச்சலும் ஒருசேர இறங்கும். கணினியும் திரையும் சேர்ந்து 250 வாட் என்று கொண்டால் நான்கு மணி நேர விளையாட்டுக்கு ஒரு யூனிட் ஆகிறது. வரம்பு போட்டால் அதுவும் குறையும். மாலையில் இடி இறங்கத் தொடங்கினால் வரம்பெல்லாம் உதவாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

கடைசியாகத் தொலைக்காட்சி. விடுமுறையில் பிள்ளைகள் கூடும்போது கணினியைக் கூடத்துக்குத் தூக்கிச் செல்வது வழக்கம். 4கேயில் டிஎல்எஸ்எஸ் பெர்ஃபார்மன்ஸ் போட்டால் உள்ளே வரையப்படுவது 1080பிதான். ஆனாலும் 1080பியில் கிடைக்கும் எண் கிடைக்காது. உயர்த்தும் வேலைக்கே நேரம் ஆகிறது, 4கே படத்துக்கான நினைவகமும் அந்த 8 ஜிபியிலிருந்தே போகிறது. புதிய, கனமான விளையாட்டுகளுக்கு அங்கே டெக்ஸ்சரை ஒரு படி இறக்குகிறேன். விநாடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் போகாதபடி கட்டப்பட்டிருக்கும் எல்டன் ரிங் போன்றவற்றை 1440பியில் ஓட்டி, 4கேயாகப் பெரிதாக்கும் வேலையைத் தொலைக்காட்சியிடம் விட்டுவிடுகிறேன். சோபாவில் பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

அடுத்து எதை மாற்றுவது என்று கேட்டால், 1440பியில் விளையாடும் எனக்குக் கார்டுதான். அதுவும் 16 ஜிபி உள்ளதாக இருக்க வேண்டும். 1080பியில் 144 ஹெர்ட்ஸ் திரையை (விநாடிக்கு 144 ஃபிரேம்களால்) நிரப்ப நினைக்கும் அண்ணன் மகனுக்கு, இதே ஏஎம்4 மதர்போர்டில் பொருந்தும், 96 எம்பி எல்3 கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) கொண்ட ரைசன் 7 5700எக்ஸ்3டி நியாயமான விலையில் கிடைத்தால் அதுவே அதிகப் பயன் தரும். அவன் கேட்பது என்னவோ கார்டைத்தான்.