அரைமனதும் கீழ்ப்படியும்

முழுமனதோடு கர்த்தரைப் பின்பற்றுவது என்றதும் கண்ணீர், உயர்த்திய கைகள், உரத்த ஜெபம் என்றுதான் பலருக்கும் நினைவு ஓடுகிறது. கர்த்தரை உத்தமமாய்ப் பின்பற்றினான் என்ற சாட்சியை வேதம் திரும்பத் திரும்பக் கொடுப்பது காலேபுக்கு. கானானை வேவு பார்க்க மோசே அனுப்பியவர்களில் ஒருவனாகப் போனபோது அவனுக்கு வயது 40. எபிரோனைக் கேட்டு யோசுவாவிடம் வந்து நின்றபோது 85. இடையில் போன 45 வருடத்தில் பெரும்பகுதி, மற்றவர்களின் அவிசுவாசத்துக்காக அவனும் சேர்ந்து நடந்த வனாந்தரம். அத்தனைக்கும் பிறகு அவன் கேட்டது இராட்சதரான ஏனாக்கியர் குடியிருந்த மலைநாடு!

அமத்சியா ராஜாவை இவனோடு சேர்த்துப் படிக்கவேண்டும் (2 நாளாகமம் 25). செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழுமனதோடு செய்யவில்லை என்று தொடக்கத்திலேயே வேதம் எழுதிவிடுகிறது. இஸ்ரவேலிலிருந்து ஒரு லட்சம் வீரர்களை 100 தாலந்து வெள்ளிக்கு அமர்த்தியிருந்தான். அவர்களை அனுப்பிவிடும்படி தேவமனுஷன் சொன்னதும், கொடுத்த பணம் என்ன ஆவது என்று கேட்டான். கேட்டாலும் கீழ்ப்படிந்தான், போரில் ஜெயித்தான். பிறகு, தோற்றவர்களின் தெய்வங்களையே கொண்டுவந்து வைத்து வணங்கினான். அரைமனதும் கீழ்ப்படியும், நஷ்டத்தையும் தாங்கும். அதனால்தான் அதை அடையாளம் காண்பது கடினம். வீடு முழுக்கத் துடைத்துவிட்டு பாம் ஷெல்டர் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) கதவை மட்டும் சாத்தி வைப்பதுபோல, ஏதோ ஒரு காரியம் கர்த்தரின் கைக்குப் போகாமல் நிற்கும். எது என்று அவரவருக்கு நன்றாகவே தெரியும்.

சிங்கப்பூரில் அது அடிக்கடி பணமாக இருக்கிறது. தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, மொத்தச் சம்பளத்திலா, கைக்கு வரும் தொகையிலா? 55 வயதுக்குட்பட்ட ஒருவருக்குச் சம்பளம் 4,000 வெள்ளி (டாலர்) என்றால், மத்திய சேம நிதிக்கு அவர் பங்கு 20 விழுக்காடு, 800 போய் கைக்கு 3,200 வரும். தசமபாகம் 400 அல்லது 320. இரண்டில் ஒன்றை ஒருமுறை தீர்மானியுங்கள். சம்பளம் ஏறிய அன்றே பேநவ்வில் (போன்வழிப் பணப் பரிமாற்றத்தில்) அனுப்பிவிடுங்கள். அந்த 80 வெள்ளியால் யாரும் கெடுவதில்லை. மாதாமாதம் தேவனோடு புதிதாகப் பேரம் பேசுவதில்தான் மனது தேய்கிறது. மாதக் கடைசியில் மீந்ததைக் கொடுக்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டுக் காணிக்கை போடுவதையும் நான் பக்தி என்று சொல்லமாட்டேன். கொர்பான் (தேவனுக்குக் காணிக்கை) என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்று மாற்கு 7-ல் படியுங்கள்.

பணத்தைவிடக் கடினம் ஒப்புரவாகுதல். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்கிறார் ஆண்டவர். எண்ணாகமம் 5:7 இன்னும் கறாராகப் பேசுகிறது: அறிக்கையிடவேண்டும், முழுத் தொகையையும் திருப்பவேண்டும், ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும். ஏமாற்றி வாங்கியது 500 வெள்ளி என்றால் 600. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதாமல் போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். செய்த தவற்றை அதன் பெயர் சொல்லி ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "நீங்களும்தானே அன்றைக்கு..." என்று தொடங்கினால் அங்கேயே பாழாகிவிடும். அவர் உடனே மன்னிக்கவேண்டும் என்று நிற்காதீர்கள்; கூடுமானால், உங்களாலானமட்டும் என்றுதான் ரோமர் 12:18 கேட்கிறது. உங்களை அடித்துத் துன்புறுத்தியவரிடம் தனியாகப் போகவேண்டியதில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லாமல் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எடுக்கிற பழக்கமும் இந்தக் கணக்கில்தான் வரும். அது முதலாளியின் நேரம்.

ஞாயிறு ஷிஃப்ட் பார்க்கும் தாதியையும் பஸ் ஓட்டுநரையும் அரைமனதுக்காரர் என்று சபையில் யாரும் சொல்லக்கூடாது. ரோஸ்டர் போடுமுன் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காத வாரத்தில் வார நாள் ஜெபக்கூட்டம் இருக்கிறது. கூடுதல் சம்பளத்துக்காக ஞாயிறைத் தாமே கேட்டு வாங்குகிறவர் மட்டும் யோசிக்கவேண்டும்.

காலேபைப்போல 45 வருடம் தாக்குப்பிடிக்க அன்றாடம் வசனம் வேண்டும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்கிய வேகத்தில் தினம் மூன்று அதிகாரம் என்று தொடங்குகிறோம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஜனவரி 31-ல் பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமம். சீனப் புத்தாண்டு விடுமுறையும் அதை ஒட்டியே வரும். பலருடைய வாசிப்பு அங்கே நின்றுபோகிறது. புதிதாகத் தொடங்குகிறவர் புதிய ஏற்பாட்டை எடுக்கலாம்: 260 அதிகாரம், திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று, சரியாக 52 வாரம். உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போகும் எம்ஆர்டி ரயிலில் ஓர் அதிகாரத்தை இரண்டு முறை படிக்கலாம். மாற்குவில் தொடங்குங்கள், போனில் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு. விட்டுப்போன அதிகாரங்களைச் சனிக்கிழமை படித்துவிடுங்கள். ஒரு வாரமே விட்டுப்போனால் அதைத் துரத்தவேண்டாம், அன்றைய அதிகாரத்திலிருந்து தொடருங்கள்.