அம்மாவின் அரிப்பும் ஈரல் சிகிச்சையும்

அம்மாவுக்கு அரிப்பு தொடங்கியபோது எல்லாரும் தோலைத்தான் பார்த்தார்கள். உடம்புச் சூடு என்றார்கள், சோப்பை மாற்றச் சொன்னார்கள். தடிப்போ சிவப்போ எதுவும் இல்லை. ராத்திரியானால் உள்ளங்காலில் ஆரம்பிக்கும். கட்டில் சட்டத்தில் காலைத் தேய்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பார்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில். இங்கே பலதுறை மருந்தகத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், பித்தக் குழாய் பாதித்தால் ஏறும் ஏஎல்பி (ALP) என்ற நொதி கூடுதலாக இருக்கவே, மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஏஎம்ஏ (AMA) என்ற எதிர்ப்பொருள் பரிசோதனை பாசிட்டிவ். பிபிசி (PBC, பிரைமரி பிலியரி கொலாஞ்சைட்டிஸ்) என்ற ஈரல் நோய். ஈரலுக்குள் இருக்கும் சின்னப் பித்தக் குழாய்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்குத்தான் வருகிறது. குடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஈரல் என்றதும் ஜனங்கள் பார்க்கும் பார்வைக்குப் பயந்து அம்மா வெளியில் சொல்லவில்லை. தெரிந்துகொண்ட சித்தி தேக்கா சந்தையில் கீழாநெல்லி வாங்கி வந்தார். பாசம்தான். மருத்துவரோ, கேட்காமல் எந்த நாட்டு மருந்தும் வேண்டாம், சில மூலிகைகள் ஈரலையே பாதிக்கும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்த நோய்க்கு முதலில் கொடுக்கும் உர்சோ மாத்திரை எடைக்கு ஏற்ப: கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம். அம்மா 55 கிலோ, அதனால் தினமும் 250 மில்லிகிராம் மூன்று. ஏஎல்பி இறங்கியது, அரிப்பு இறங்கவில்லை. மருத்துவர் கேட்டால் அம்மா "பரவாயில்லை" என்பார்! பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு நெஞ்சு பதறும். அரிப்பு எந்த ரிப்போர்ட்டிலும் வராதே. அதனால் ஒரு நோட்டில் தினமும் பத்துக்கு எவ்வளவு அரிப்பு, எத்தனை மணிக்குத் தூக்கம் என்று எழுதி வைத்தேன். மருத்துவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அரிப்புக்குக் கொலஸ்டிரமின் பொடி எழுதினார். குடலில் பித்த உப்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்து அது.

அந்தப் பொடி மற்ற மருந்துகளையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அம்மாவுக்குத் தைராய்டு வேறு; இந்த நோயோடு அது சேர்ந்து வருவது சகஜமாம். மருந்தாளர் பொறுமையாக நேரம் பிரித்துக் கொடுத்தார்: பொடி காலைப் பசியாறும்போது, உர்சோ இரவுச் சாப்பாட்டோடு, தைராய்டு மாத்திரை படுக்கும் முன். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். இப்போது தூங்குகிறார்.

செலவுக்கு மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பற்றி மருத்துவச் சமூக ஊழியரிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

சோர்வுக்குத்தான் மருந்து இல்லை. மத்தியானம் அம்மா படுத்தால் சோம்பல் என்று யாரும் சொல்லக் கூடாது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். அப்புறம், இந்த நோயில் எலும்பும் பலவீனமாகலாம். அடுத்து அந்தப் பரிசோதனைக்குத்தான் போகிறோம்.