எந்த இழுப்பறையில் வைப்பது?

எங்கள் பூச்சிச் சேகரிப்பில் ஓர் எறும்புத் தட்டை இடம் மாற்றினேன்; அது சரிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்களோடு வேலை பார்த்த மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

காம்போனோட்டஸ் என்ற பேரினத்தின் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) அலமாரியிலிருந்த ராட்சத எறும்புகளை எடுத்து, டைனோமிர்மெக்ஸ் என்ற வேறு பேரினப் பெயரில் சீட்டு ஒட்டிய இழுப்பறைக்கு மாற்றியிருந்தேன். யாரோ பார்வையாளருக்குக் காட்ட அண்ணன் வழக்கமான இழுப்பறையைத் திறந்திருக்கிறார்; காலி. அந்த எறும்புகளில் பல, அவரே மலேசியாவின் உலு கோம்பாக் காட்டில் இரவில் டார்ச் அடித்துப் பிடித்தவை.

“யாரம்மா முடிவு செய்தது?”

“மரபணு, அண்ணே. நம் கையில் ஒன்றும் இல்லை.”

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. வார்டு, பிளைமர், ஃபிஷர் மூவரும் மரபணுக்களை ஒப்பிட்டு 2016இல் ‘ஸூடாக்ஸா’ என்ற விலங்கியல் இதழில் எழுதிய கட்டுரைதான், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அடங்கிய காம்போனோட்டஸிலிருந்து இந்த ராட்சத எறும்பைப் பிரித்துத் தனிப் பேரினமாக்கியது. நம் காட்டு வெடிக்கும் எறும்பு கோலோபாப்சிஸ் என்ற பேரினத்துக்குப் போனதும் அதே கட்டுரையால்தான். வெளிநாட்டிலிருந்து ஒருவர் புதுப் பெயரைச் சொல்லி மாதிரி கேட்டால், பழைய பெயரில் பூட்டி வைத்துக்கொண்டு நாங்கள் இல்லை என்பதா?

இருந்தாலும், ‘மரபணு’ என்று ஒரே சொல்லில் முடித்தது நியாயமா? 1802இல் லத்ரேய் இதற்கு ஃபார்மிகா ஜிகாஸ் என்று பெயரிட்டார். 1861இல் மாயர் காம்போனோட்டஸை உருவாக்க, பின்னர் இதுவும் அதற்குள் போனது. 1905இல் ஆஷ்மீட் இந்த எறும்பை முன்வைத்தே டைனோமிர்மெக்ஸை ஏற்படுத்தினார். அவரிடம் மரபணு ஏது? உடலமைப்பைக் கண்ணால் பார்த்துச் சொன்னதுதான். பின்னால் வந்தவர்கள் அதைத் துணைப்பேரினமாக இறக்கினார்கள். 2016இல் மறுபடி ஏற்றினார்கள். ஆக, எறும்பைக் கையில் எடுத்துப் பார்த்தவரின் பேச்சு எடுபட்டதாகவும் இந்தக் கதையைச் சொல்லலாம். அண்ணனுக்கு அது பிடித்திருக்கும். ஆனால் காம்போனோட்டஸ்தான் என்று சாதித்தவர்களும் கண்ணால் பார்த்தவர்கள்தானே! அண்ணனும் அவர்கள் கட்சி.

நான் எதையும் அழித்துவிடவில்லை. பெரிய தலைகொண்ட படைவீரர் எறும்பு ஒன்றை, ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் இருக்கும், ஊசியோடு தூக்கிப் பாருங்கள். வயிற்றுக்குக் கீழே அண்ணனின் சாய்ந்த கையெழுத்தில் இடமும் தேதியும். அடுத்து மை பழுத்த காம்போனோட்டஸ் சீட்டு. கடைசியில் நான் அச்சடித்தது. பழைய சீட்டைக் கழற்றக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். இதை அவருக்கு நான் விளக்குவதா? எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

பழைய இழுப்பறையில் ‘டைனோமிர்மெக்ஸ் பார்க்கவும்’ என்று ஓர் அட்டை வைக்கலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். எல்லாம் கணினியில் இருக்கிறதே, எதற்கு என்றார். அண்ணன் கணினிப் பக்கம் போகிறவரில்லை. அட்டையை வைத்தேன். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.