எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் கையேடு

யூன் 9
யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீட முதலாம் ஆண்டுக்கான ஆங்கிலக் கையேட்டை நாங்களே எழுதுவது என்று முடிவாயிற்று. இதுவரை வைத்திருந்த வெளிநாட்டுப் புத்தகம் நல்ல புத்தகம்தான். ஆனால் வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்கும் கடிதம் எங்கள் பிள்ளைகளின் ஆய்வுகூடத்துக்கு எதற்கு? உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வருகிறார்கள். திருநெல்வேலி வளாகத்துக்குள் வந்ததும் விரிவுரை, அறிக்கை, பரீட்சை எல்லாம் ஆங்கிலம்.

யூன் 12
இரசாயனவியல் துறையில் பழைய செயன்முறை அறிக்கைகளை வாங்கிப் படித்தேன். இலக்கணம் அவ்வளவு மோசமில்லை. அட்டவணையில் உள்ள எண்களை ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதுகிறார்கள்; எது கூடியது, எது கவனிக்க வேண்டியது என்று சொல்வதில்லை. பெறுபேற்றையும் அதற்கான விளக்கத்தையும் ஒரே பந்தியில் கலந்துவிடுகிறார்கள். செயப்பாட்டுவினைப் பயிற்சி எத்தனை கொடுத்தாலும் இது தீராது.

யூன் 17
முதல் அலகுக்குக் கிணற்று நீரில் கலக்கும் நைத்திரேற்றை எடுத்தேன். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீரை நம்பியவை. தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழிக் கழிவும் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கிவிடும். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஐந்து கற்பனைக் கிணறுகளுக்கு ஓர் அட்டவணை போட்டேன். ஊர்ப்பெயர் போடவில்லை, வீணாக யாரும் பயப்படக் கூடாது. மூன்றே வாக்கியத்தில் அட்டவணையைச் சொல்ல வேண்டும், அதுதான் பயிற்சி.

யூன் 23
கல்விசார் ஆங்கில எழுத்தில் அடிக்கடி வருபவை என்று அவெரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் சொற்களும் ஒரு குடும்பம்) அப்படியே மனனம் செய்யக் கொடுக்கலாம் என்றார் குழுவில் ஒருவர். எனக்கு உடன்பாடில்லை. அது கலை, வணிகம், சட்டம், விஞ்ஞானம் நான்குக்கும் பொதுவான பட்டியல். எங்கள் வாசிப்புப் பகுதிகளில் வருகிறவற்றை மட்டும் எடுத்தால், பிள்ளைகள் அவற்றை அடுத்த அறிக்கையிலேயே எழுதிப் பார்ப்பார்கள்.

யூன் 30
சிறு குழுவோடு ஒத்திகை. முதலில் தமிழிலேயே பேச விட்டேன். தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று, “மிஸ், மூண்டாவது கிணறு வெங்காயத் தறைக்குப் பக்கத்தில எண்டு போட்டிருக்கு, அதாலதான் கூட” என்றது. உடனே இன்னொருவர், “அது விளக்கம், பெறுபேற்றில எழுதேலாது” என்றார். பத்து நிமிடம் வாக்குவாதம். அப்புறம் ஆங்கிலத்தில் எழுதியபோது எல்லாருமே அந்த வாக்கியத்தைத் தனிப் பந்திக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

நாளை துறை விரிவுரையாளர் ஒருவர் இரண்டாம் அலகைப் பார்க்க வருகிறார். அறிக்கையில் எதற்குப் புள்ளி போடுகிறார், எதற்குக் குறைக்கிறார் என்று அவரிடம் கேட்க வேண்டும்.