சின்னக் கட்சியில் எம்.எல்.ஏ. தேர்தலுக்கு நிற்பது: மனுத்தாக்கல் முதல் செலவுக் கணக்கு வரை

2021 சட்டமன்றத் தேர்தலில் நொய்யல் கரையோரத் தொகுதி ஒன்றில், இரண்டு பெரிய கூட்டணியிலும் சேராத ஒரு சின்னக் கட்சியின் வேட்பாளருக்கு நான் தலைமை முகவராக இருந்தேன். கட்சிப் பெயரும் தொகுதிப் பெயரும் இங்கே வேண்டாம். வேட்பாளரை அக்கா என்றே சொல்கிறேன், எங்கள் ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். தையல் கடை வைத்திருக்கிறார். சாயக்கழிவு இறங்கிக் கெட்டுப்போன கிணறுகளுக்காக வருஷக்கணக்கில் மனு எழுதியவர், குடிதண்ணீர் கேட்டு மறியலில் உட்கார்ந்து வழக்கும் வாங்கியவர்.

அந்தத் தேர்தலில் ஒரு கூட்டணிக்கு 159, இன்னொன்றுக்கு 75 என்று 234 தொகுதியும் அவர்களுக்கே போனது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு டெபாசிட்டும் போனது. நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. ஓட்டு மெஷினில் பெயர் வருவதற்கே சின்னக் கட்சிக்காரர்கள் என்னென்ன தாண்ட வேண்டியிருக்கிறது என்று யாரும் முழுசாகச் சொல்லித் தருவதில்லை. ஊருக்கு உழைத்த நல்ல மனிதர்கள் ஒரு காகிதம் சரியில்லாமல் பரிசீலனை அன்றே வெளியே போவதைப் பார்த்திருக்கிறேன். மக்கள் வேண்டாம் என்று சொல்லித் தோற்பது வேறு, மக்களிடம் போய்ச் சேராமலே தோற்பது வேறு. இரண்டாவது எனக்குத் தாங்கவில்லை.

முதலில் ஆட்கள். தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒரே ஒருவர் போதும். பதிவு மட்டும் செய்து அங்கீகாரம் இல்லாத கட்சி என்றால் சுயேச்சை மாதிரியே பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதன் பின்கதை தெரியும். 1996ல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கையை உலகம் பார்க்கட்டும் என்று கிளம்பி 1,033 பேர் போட்டியிட்டார்கள், வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலையே தள்ளி வைத்தார்கள். அப்படிப்பட்ட நீளமான பட்டியல்களுக்குப் பிறகு அதே வருஷம் சட்டத்தைத் திருத்திப் பத்துப் பேர் என்ற விதியைக் கொண்டு வந்தார்கள். 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது, 2009ல் 10,000 ஆனது. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி.

பத்துக் கையெழுத்து என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஓட்டு ரகசியம், ஆனால் முன்மொழிவது ரகசியம் இல்லை. வேட்பாளர் பெயரோடு முன்மொழிந்தவர்கள் பெயரும் தேர்தல் நடத்தும் அலுவலர் அலுவலக நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். நாங்கள் போய்க் கேட்ட ஒரு விசைத்தறிக்காரர் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்து, "ஓட்டு கண்டிப்பா அக்காவுக்குத்தான் தம்பி, கையெழுத்து மட்டும் கேக்காதீங்க, நாளைக்கு எனக்கு லோன் கையெழுத்து வாங்கப் போக முடியாது" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. பெரிய கட்சியில் மாவட்டப் பொறுப்பில் இருக்கிறவருக்கு இந்தக் கவலை வராது, தினக்கூலி வாங்குகிறவருக்கு வரும். இந்த விதியில் இருக்கும் அநியாயம் பத்து என்ற எண்ணிக்கையில் இல்லை, யாருக்குப் பத்து யாருக்கு ஒன்று என்பதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, பத்துப் பேரோடு நிறுத்தக் கூடாது. 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் தாக்கல் செய்த மனு எப்படி நிராகரிக்கப்பட்டது என்று ஞாபகம் இருக்கும். முன்மொழிந்தவர்களில் இரண்டு பேர் அது எங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள், அவ்வளவுதான். ஒரு வேட்பாளர் நான்கு மனு வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒரு தடவை கட்டினால் போதும். ஆகவே வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது மனு ஒன்றும் தயார் செய்தோம். ஒருவர் பெயரும் இரண்டிலும் வராதபடி பார்த்துக்கொண்டோம்.

கைநாட்டு வைப்பவர்களுக்குத் தனி விதி இருக்கிறது. கையெழுத்தை வீட்டிலேயே வாங்கி வரலாம், கைநாட்டு என்றால் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னாலோ அதற்கென்று அதிகாரம் பெற்ற அலுவலர் முன்னாலோதான் வைக்க வேண்டும். எங்கள் பட்டியலில் ஒரு பாட்டி இருந்தார், எழுபதைத் தாண்டியவர். அவருக்குப் பதில் வேறு யாரையாவது போடலாமா என்று அக்கா கேட்டபோது, "எங்க வரோணும்னு மட்டும் சொல்லு கண்ணு" என்று முடித்துவிட்டார். கொரோனா காலம் என்பதால் வேட்பாளருடன் இரண்டு பேருக்குத்தான் அனுமதி, சாதாரணமாக நான்கு பேர் போகலாம். அந்த இரண்டில் ஒருவர் பாட்டி, இன்னொருவர் நான். மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, மை தடவிய கட்டைவிரலை முதல் மனுவில் மெதுவாக உருட்டி எடுத்து, ரேகை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அலுவலரிடமே கேட்டுவிட்டு, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். அலுவலர் எழுந்து நின்று அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். அந்த அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்த மரியாதையில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

இனி பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26. மனுவைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். நான் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், எனக்கே தலை சுற்றியது. ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. இல்லை என்றால் 'இல்லை', பொருந்தாது என்றால் 'பொருந்தாது' என்று எழுத வேண்டும், கோடு கிழித்து விடுவதெல்லாம் ஆகாது. காலிக் கட்டம் இருந்தால் அலுவலர் சுட்டிக்காட்டி நோட்டீஸ் கொடுப்பார், அதற்குப் பிறகும் நிரப்பித் தராவிட்டால் மனுவையே நிராகரிக்கலாம் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அக்கா, அவர் வீட்டுக்காரர், அவர்களை நம்பி இருக்கும் பிள்ளைகள் என்று ஒவ்வொருவருக்கும் பான் எண், ஐந்து வருஷ வருமான வரிக் கணக்கு, வங்கி இருப்பு, நகை, வண்டி, கடன். பாகம் பிரிக்காத பூர்வீக நிலம் இருந்தால் சர்வே எண்ணும் தன் பங்கு எவ்வளவு என்பதும் வேண்டும். அக்கா வீட்டு நிலம் தாத்தா பெயரிலேயே கிடந்தது, பங்காளிகள் வீட்டுக்குப் போய்ப் பழைய பத்திரத்தை வாங்கிப் பார்த்து எழுதினோம். நகையைக் கிராமில் எழுத வேண்டும், தாலிக்கொடி உட்பட.

வழக்குப் பகுதியில் அந்த மறியல் வழக்கு வந்தது. முதல் தகவல் அறிக்கை எண், காவல் நிலையம், சட்டப் பிரிவு, நீதிமன்றம், குற்றச்சாட்டு பதிவானதா இல்லையா, எல்லாம் எழுத வேண்டும். மறைக்கக் கூடாது, மறைக்க அக்காவுக்கு எண்ணமும் இல்லை. நிலுவையில் வழக்கு இருந்தால் பிரச்சார நாட்களில் மூன்று முறை பத்திரிகையிலும் டிவியிலும் அதை விளம்பரமாக வெளியிட வேண்டும், செலவு நம் கையிலிருந்து, அதுவும் தேர்தல் செலவில் சேரும். கொலை வழக்கு உள்ளவருக்கும் குடிதண்ணீருக்கு மறியல் செய்தவருக்கும் ஒரே விளம்பரம். வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்ற நோக்கம் நல்லது, நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் போராடிப் போராடி மேலே வருகிற சின்னக் கட்சிக்காரர்களில் வழக்கு இல்லாதவர் குறைவு, இந்தச் செலவு அவர்கள் கழுத்தில்தான் விழுகிறது.

மனுத்தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்னதாகத் தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். நாங்கள் போன கிளையில் இது என்ன கணக்கு என்றே தெரியாமல் அலைய விட்டார்கள். தேர்தல் ஆணையத்தின் சுற்றறிக்கையை அச்செடுத்துப் போய்க் காட்டிய பிறகுதான் வேலை நடந்தது. அறிவிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள். அந்த முறை மார்ச் 12 அறிவிக்கை, 19 கடைசி நாள், நடுவில் சனி ஞாயிறு போய்விட்டது. மனு வாங்குவது காலை 11 முதல் மாலை 3 வரை மட்டும். ராகுகாலம், எமகண்டம் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள், கூட்டம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மனுக் கொடுத்த கையோடு உறுதிமொழி எடுத்துச் சான்று வாங்கிவிடுங்கள். பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்தாக வேண்டும், அன்றைக்குப் போய்க் கேட்டால் முடியாது.

பரிசீலனையில் ஒரு பெரிய கட்சியின் வக்கீல் எழுந்து, எங்களை முன்மொழிந்த ஒருவரின் வரிசை எண் வாக்காளர் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்றார். துணைப்பட்டியல் வந்ததில் எண் மாறியிருந்தது. அக்கா முகம் மாறிவிட்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 33(4)லேயே எழுத்துப் பிழை, எண் பிழைக்காக மனு செல்லாமல் போகாது என்று இருக்கிறது, 36(4)லும் முக்கியமில்லாத குறைக்காக நிராகரிக்கக் கூடாது என்று இருக்கிறது. இரண்டையும் அடிக்கோடிட்டு எடுத்துப் போயிருந்ததால் நீட்டினேன். அலுவலர் படித்துவிட்டு "ஏற்கப்பட்டது" என்றார். ஆணையம் வெளியிடும் வேட்பாளர் கையேட்டை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். அந்த அறையில் நமக்காகப் பேச வேறு யாரும் வர மாட்டார்கள்.

சரி, சின்னம். குறைந்தது 5 விழுக்காடு தொகுதிகளில் நிற்கும் பதிவு பெற்ற கட்சி முன்கூட்டியே விண்ணப்பித்தால் பொதுச் சின்னம் கிடைக்கும், டார்ச் லைட், கரும்பு விவசாயி எல்லாம் அப்படித்தான் வந்தன. எங்கள் கட்சிக்கு அத்தனை தொகுதி இல்லை. மனுவிலேயே மூன்று சின்னம் வரிசையாக எழுதித் தர வேண்டும். அக்காவுக்கு இயல்பாகவே தையல் இயந்திரம்தான் முதல் விருப்பம். சுயேச்சை கேட்டிருந்தால் பதிவு பெற்ற கட்சி என்ற முறையில் எங்களுக்கு முன்னுரிமை இருந்திருக்கும், ஆனால் கேட்டது இன்னொரு பதிவு பெற்ற கட்சி. குலுக்கலில் அவர்களுக்குப் போனது. எங்களுக்கு வந்தது மின்கம்பம். அது ஒன்றும் மோசமில்லை, எந்தக் கிராமத்தில் நின்றாலும் அக்கா கையை நீட்டிக் காட்டிவிடலாம், "அந்தக் கரண்டு கம்பம்தாங்க நம்ம சின்னம்" என்று.

ஆனால் கைக்கு வந்த தேதியைப் பாருங்கள். மார்ச் 22 மாலை 3 மணிக்கு மனு வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னம். ஏப்ரல் 4 இரவு 7 மணிக்குப் பிரச்சாரம் ஓய்ந்தது. அதற்குள் நோட்டீஸ் அடித்து, அதில் அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் போட்டு, வண்டிக்கு அனுமதி வாங்கி, இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர் உள்ள தொகுதியில் ஒரு புதுச் சின்னத்தைப் பதிய வைக்க வேண்டும். எதிரில் இருப்பவர்களின் சின்னம் பாட்டன் காலத்திலிருந்து சுவரில் இருக்கிறது. பணத்தைவிட இந்தப் பதின்மூன்று நாள்தான் எங்களை அடித்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

பணம் என்று பார்த்தால், ஒரு வேட்பாளர் செலவு செய்ய அன்றைய உச்சவரம்பு 30.8 லட்சம், பிறகு 2022ல் 40 லட்சமாக உயர்த்தினார்கள். எங்கள் மொத்தச் செலவு இரண்டு லட்சத்தைத் தொடவில்லை. தொட்டாலும் தொடாவிட்டாலும் பதிவேடு ஒன்றுதான். வெள்ளைத் தாளில் தினச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. டீக்கும் நாற்காலிக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் வைத்திருக்கும், ஒருவர் இலவசமாகத் தந்தாலும் அந்த விலை நம் கணக்கில் ஏறும். ஆணையம் அனுப்பும் செலவுப் பார்வையாளர் குறைந்தது மூன்று முறை கூப்பிட்டுச் சரிபார்ப்பார். தினம் ராத்திரி எழுதிவிடுங்கள்.

வாக்குச்சாவடி முகவர்கள் எங்களுக்குப் பெரும்பாலான இடங்களில் கிடைக்கவில்லை. இருந்த இடங்களில் எங்கள் பெண்கள் காலை மாதிரி வாக்குப்பதிவிலிருந்து இரவு 7 வரை நகராமல் உட்கார்ந்து அந்தச் சாவடியில் எத்தனை ஓட்டு பதிவானது என்று காட்டும் 17-சி படிவ நகலை வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள். அவர்களில் பலருக்கு ஒரு தேர்தல் உள்ளே இருந்து எப்படி நடக்கிறது என்று பார்த்தது அதுவே முதல் முறை. மே 2 எண்ணிக்கைக்குக் கொரோனா பரிசோதனைச் சான்றோ தடுப்பூசிச் சான்றோ இல்லாமல் முகவர்களை விடவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டு வந்தது. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும், அது வெகு தூரம். பாட்டியின் ஊர்ச் சாவடியில் மட்டும் நாங்கள் இரண்டாவது.

தோற்ற பிறகு ஆட்கள் கலைந்துவிடுவார்கள், அப்போதுதான் கடைசி வேலை இருக்கிறது. முடிவு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்று வருஷம் எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாதபடி ஆணையம் தகுதிநீக்கம் செய்யலாம், சின்னக் கட்சிக்காரர்களும் சுயேச்சைகளும்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். எங்களுக்கு அந்த 30 நாள் ஊரடங்கு நடுவே வந்தது. நோட்டரியைத் தேடி, வங்கி அறிக்கை வாங்கி, பில்லெல்லாம் எண் போட்டு ஒட்டிக் கொண்டு போனபோது வாசலில் இருந்தவர் "வச்சுட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்றார். அக்கா நகரவில்லை. ஒப்புகைச் சீட்டில் தேதியும் முத்திரையும் விழுந்த பிறகுதான் படியிறங்கினோம். அந்தச் சீட்டின் நகல் இரண்டு எடுத்து, ஒன்று அவரிடமும் ஒன்று என்னிடமும் இருக்கிறது. நீங்களும் வாங்காமல் வராதீர்கள்.